முப்பத்தேழாம் வரிசை

ஒரு கணினியின் ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு என்று பார்ப்பதற்குத் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகாது. வெளியே காத்திருந்தபோது உங்கள் எழுத்தர் என்னிடம், அதற்கென்று தனியாகப் படித்திருக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை. விண்டோஸ் என்றால், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். அதில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்து என்டர் தட்டினால் அந்த இயந்திரத்தின் ஜாதகமே வந்து நிற்கும். பயாஸ் பதிப்பு என்ற வரியில் எண் இருக்கும், பக்கத்தில் தேதியும் இருக்கும். மேக் என்றால், ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே மேலே இருக்கிற ஆப்பிள் படத்தைச் சொடுக்க வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று வரும். அதற்குள் போனால் ஃபர்ம்வேர் பதிப்பு. லினக்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் வந்திருப்பதே அதற்காகத்தான்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். கரன்ட் கொடுத்ததும் கணினியில் முதலில் கண்விழிப்பது அதுதான். அது எழுந்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு விண்டோஸையோ லினக்ஸையோ தட்டி எழுப்பும். அது எழுப்பாவிட்டால் வேறு எதுவும் எழாது. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் அந்தக் குளிர்பதனக் கிடங்கில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன். முதல் கணினி வந்து இறங்கிய அன்று, அட்டைப்பெட்டியைத் திறக்கவே எல்லோரும் பயந்தார்கள். நான் திறந்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றையும் நான்தான் திறந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. கெட்டுப்போனதைப் பிரித்து, பிரித்ததை மாட்டி, மாட்டியது ஓடாமல் திரும்பப் பிரித்துக் கற்றுக்கொண்டது. கிடங்கில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். கம்ப்யூட்டர்காரர் என்பார்கள். முதலாளியும் அப்படித்தான்.

என் மகளுக்கு ஒரு இன்ஜினியரைப் பார்த்துக் கட்டிவைத்தேன். அவரைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அவர் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள், மகள் இரண்டு மாதக் கர்ப்பம், நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். முதலாளிக்கு உடம்பு முடியாமல் அப்போது அவருடைய மகள் பொறுப்பெடுத்திருந்தார். அவர் மாப்பிள்ளையிடம் அரைமணி நேரம் பேசினார். ஒரு வருஷத்தில் கணினிகள், கேமராக்கள், கன்ட்ரோல் ரூம் எல்லாம் மாப்பிள்ளையின் கீழ் வந்தன. நானும் வந்தேன்.

அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நல்லவர். நான் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். அலுவலகத்தில் மற்றவர்கள் முன்னால் நான் அவரை சார் என்று கூப்பிட்டபோது, தனியாக அழைத்துப்போய், "மாமா, தயவுசெஞ்சு அப்படிக் கூப்பிடாதீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார். வீட்டில் எனக்கு முன்னால் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. குறையே சொல்ல முடியாத ஒரு மனிதரின் கீழ் வேலை பார்த்திருக்கிறீர்களா? திட்டினால் திருப்பித் திட்டலாம். வஞ்சனை செய்தால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இவரிடம் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. என் மகள் தினமும், "அப்பா, அவரை மாதிரி வருமாப்பா?" என்பாள். வராதுதான்.

போன வருஷம் ஒரு நோட்டீஸ் வந்தது. எங்களுக்குக் கணினி விற்றவர்கள் அனுப்பியது. குறிப்பிட்ட ஒரு வகைப் பெட்டிகளில் ஃபர்ம்வேர் 1.12க்கு முந்தையதாக இருந்தால், கரன்ட் திடீரென்று போய் வரும்போது அவை முழுதாக எழாமல் பாதியில் நின்றுவிடக்கூடும், எல்லாவற்றையும் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. பாதியில் நிற்பதை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். திரை கருப்பாக இருக்கும். இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு எழுத்தும் வராது. அணைத்துப் போட்டாலும் அதே கோடுதான். ஆனால் அந்த நேரத்தில் எஃப்1 விசையை ஒருமுறை அழுத்தினால் போதும், ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து ஓடும். இது அந்த நோட்டீஸில்கூட இல்லை. ஒவ்வொரு விசையாகத் தட்டிப்பார்த்து நானே கண்டுபிடித்தது.

பதிப்புகளைப் பார்க்கும் வேலையை எடை மேடையிலிருந்து தொடங்கினேன். லாரிகளை நிறுத்தி எடை போடுகிற இடம். அங்கே இருந்தது லினக்ஸ். எனக்குத் தெரிந்த முறையில்தான் செய்தேன். கணினியை அணைத்து, திரும்பப் போட்டு, எழும்போது எஃப்2 அழுத்தி உள்ளே போய்ப் பார்ப்பது. முதல் தடவை சரியான நேரத்தில் அழுத்தத் தவறிவிட்டேன். இரண்டாவது தடவையும். வெளியே லாரிகள் வரிசை கட்டிவிட்டன. ஹாரன் சத்தம் கேட்டு மாப்பிள்ளை வந்தார்.

"என்ன மாமா, ஏதாவது பிரச்சனையா?"

"பதிப்பு பாக்குறேன் மாப்பிள்ளை. ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தினாத்தான் தெரியும்."

"அதுக்கு எதுக்கு மாமா ஆஃப் பண்ணணும்? ஓடிட்டு இருக்கும்போதே ஒரே ஒரு வரி போதுமே."

என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு வரி அடித்தார். எண் வந்தது. இரண்டு விநாடி இருக்கும். லாரிக்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை விட்டு, "இதுக்கா பெரியவரே எங்களை இம்புட்டு நேரம் காய வச்சீங்க?" என்றார். லோடிங் ஆட்களுக்குத் தலைவன் ஒருவன் உண்டு. ஆறடி உயரம் என்பதால் அவனைக் குட்டையன் என்று கூப்பிடுவார்கள். அவன், "மாமனாருக்கு மருமகன் வாத்தியார் ஆயிட்டாரு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குட்டையன் எதற்கும் சிரிப்பவன். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவர்களைப் பார்த்து, "சும்மா இருங்கப்பா. மாமா பழகினது பழைய முறை. அதுவும் சரிதான்" என்றார்.

அதுவும் சரிதான். இந்த வார்த்தையை நான் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். குழந்தை கோணலாக ஒரு படம் வரைந்து காட்டினால் நாம் சொல்கிற வார்த்தை அது.

மூன்று நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். எனக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. சூடோ என்று தொடங்கும் அந்த வரி, டிஎம்ஐடிகோடு, கோடு எஸ், பயாஸ் வெர்ஷன். கடவுச்சொல் தெரியாவிட்டாலும் பார்க்கலாம், அதற்கு வேறொரு வழி இருக்கிறது. அது மாப்பிள்ளைக்கே தெரியுமோ என்னவோ. விண்டோஸில் கருப்புப் பெட்டியைத் திறந்து கேட்கும் முறை, மேக்கில் எழுத்திலேயே கேட்கும் முறை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் தருகிறேன்.

மாப்பிள்ளைக்கு அன்றைக்கு நடந்தது உறுத்தியிருக்க வேண்டும். மறு வாரம் அவரே என்னிடம் வந்து, "மாமா, மொத்தம் முப்பத்தெட்டு மெஷின். நீங்களே எல்லாத்தையும் பாத்து லிஸ்ட் போட்டுடுங்க. பழைய பதிப்பு இருக்கறதை நான் உக்காந்து அப்டேட் பண்ணிடறேன். உங்க கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது" என்றார். எனக்கு ஆறுதலாக ஒரு வேலை கொடுத்தார்.

முப்பத்தெட்டையும் பார்த்தேன். அலுவலகத்தில் எல்லாம் விண்டோஸ். கணக்கு எழுதும் அம்மாள், தன் திரையில் திறந்திருந்த சமையல் குறிப்பை மூடிவிட்டு எனக்கு நாற்காலி கொடுத்தார். முதலாளியின் மகள் விளம்பரம் வடிவமைக்கும் அறையில் இரண்டு மேக். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். எண்களை அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அதன் பிறகு கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன்.

கன்ட்ரோல் ரூமில் இரண்டு கணினிகள், ஒரே அச்சு. ஒன்று வெப்பநிலை எழுதுவது, விண்டோஸ். பட்டியலில் முப்பத்தாறாம் வரிசை. இன்னொன்று அமோனியாவைக் கவனிப்பது, லினக்ஸ். முப்பத்தேழாம் வரிசை. எங்கள் கிடங்கில் குளிர் உண்டாக்குவது அமோனியா. குழாய்களில் எங்காவது கசிந்தால் சென்சார்கள் இந்தக் கணினிக்குச் சொல்லும். இது சங்கை ஊதும், வால்வை மூடும், காற்றாடிகளைப் போடும். இது ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகக் கன்ட்ரோல் ரூம் வாசலுக்கு மேலே ஒரு பச்சை விளக்கு எரியும். என் மேசையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அங்கே ஒரு ஆபரேட்டர் அம்மா இருந்தாள். பழைய ஆபரேட்டர் ஓய்வு பெற்றுப் போனபின் வந்தவள், வந்து நாலு மாதம் ஆகியிருக்கும். என்னை அண்ணே என்பாள். பத்தாவது படிக்கும் மகளுக்கு என்ன கணினி வாங்கலாம் என்று அன்றைக்குக் கேட்டாள். நான் யோசித்து, நினைவகம் எவ்வளவு இருக்க வேண்டும், எதை வாங்கக்கூடாது என்று அவளுடைய பென்சிலாலேயே எழுதிக்கொடுத்தேன். அப்படியே முப்பத்தாறாம் வரிசையைப் பார்த்தேன். 1.12. முந்தின வருஷம் ரிப்பேருக்குப் போய் வந்தபோது புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள். முப்பத்தேழில் அந்த ஒரு வரியை அடித்தேன். 1.08 என்று வந்தது.

1.12 என்று எழுதினேன்.

அந்தத் தாள் உங்கள் கோப்பில்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். மற்ற எண்களைப் போலவேதான் அதுவும் இருக்கிறது.

என் கணக்கு எளிமையானது. என்றைக்காவது கரன்ட் போகும். ஜெனரேட்டர் இருபது விநாடியில் எடுத்துக்கொள்ளும். இந்தக் கணினி மட்டும் கருப்புத் திரையோடு நிற்கும். மாப்பிள்ளை ஓடிவருவார், ஒரு வரி அடித்துப் பார்ப்பார். அடிக்க எங்கே இருக்கிறது, எழுந்தால்தானே அடிப்பதற்கு? முதலாளியின் மகள் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது மாப்பிள்ளை என்னைக் கூப்பிடுவார். நான் மெதுவாக நடந்து வந்து ஒரு விசையை அழுத்துவேன். பழைய முறையில். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இதில் யாருக்கு என்ன கெடுதல்?

அந்தத் திரைக்கு மேலே ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. 'கருப்பாக நின்றால் எஃப்1 அழுத்தவும்' என்று பழைய ஆபரேட்டருக்காக நான் எழுதி ஒட்டியது. ஓரமெல்லாம் மடங்கி, அழுக்கேறிப்போயிருந்தது. அதைக் கிழித்து எடுத்தேன். ஆபரேட்டர் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணே எடுக்கறீங்க? கருப்பா வந்தா நான் என்ன செய்யறது?"

"இனிமே வராதும்மா" என்றேன்.

சரிண்ணே என்றாள்.

பட்டியலில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். பழைய பதிப்பு இருந்த ஒன்பது கணினிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புதுப்பித்தார். முப்பத்தேழை அவர் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லையே.

கன்ட்ரோல் ரூமுக்கு யுபிஎஸ் இல்லையா என்று விசாரணையில் எல்லோரும் கேட்டார்கள். இருந்தது. அதன் பேட்டரி உப்பிப்போய்விட்டது. மாற்றுப் பேட்டரி வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அன்று மாலை வீட்டில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை என்னைக் கேட்டார்.

"மாமா, கேஸ் அலாரம் மெஷின் 1.12தானே? அப்ப கரன்ட் போனாலும் தானா எழுந்துடும். இல்லாட்டி நான் ஆபீஸ் யுபிஎஸ்ஸைக் கழட்டி அங்க வச்சிடுவேன்."

"லிஸ்ட்ல எழுதியிருக்கே மாப்பிள்ளை" என்றேன்.

கவனித்துக்கொள்ளுங்கள், நான் பொய் சொல்லவில்லை. பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர், "அப்ப சரி. ஆறு வாரம்தானே, ஓட்டிடலாம்" என்று பேரனைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் கரன்ட் போகவே இல்லை. அந்த வருஷம் மின்சாரம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. எனக்கே கொஞ்சம் சலிப்பாகிவிட்டது.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்குப் போனது. மின்விசிறி நின்றது. ஜெனரேட்டர் உறுமியது. மின்விசிறி திரும்பச் சுற்றியது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சை விளக்கு வரவில்லை. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். வரவில்லை. எழுந்து போய்த் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

என் போன் அடித்தது. ஆபரேட்டர் அம்மா. எடுக்கவில்லை. எனக்கு வர வேண்டிய போன் அது இல்லை. இரண்டாவது தடவையும் அவள்தான். மூன்றாவது தடவை நீளமாக அடித்து நின்றது. பிறகு அவள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் முதலாளியின் மகளோடு டவுன் அலுவலகத்தில் இருந்தார். அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறார். போட்டிருக்கிறாள். அதே கோடு. அதற்குப் பிறகுதான் என் போனில் மாப்பிள்ளையின் பெயர் வந்தது.

"மாமா, கன்ட்ரோல் ரூம் மெஷின் எழலையாம். நான் டவுன்ல மாட்டிக்கிட்டேன். நீங்க கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா?"

நான் எதிர்பார்த்திருந்த போன்தான். ஆனால் முதலாளியின் மகள் பார்க்கவில்லை, ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாமல் போய் அழுத்திவிட்டு வருவதில் என்ன இருக்கிறது?

"நீங்களே வந்து பாருங்க மாப்பிள்ளை. ஒரே ஒரு வரிதானே" என்றேன்.

நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கோபப்படவில்லை. "சரி மாமா. இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லி வைத்தார்.

இருபது நிமிடம் என்பது எனக்கு நியாயமாகவே பட்டது. என் மேசையிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு அறுபது அடி.

குழாய் உடைந்ததற்கு நான் பொறுப்பில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். கம்ப்ரசர்கள் திரும்ப ஓட ஆரம்பித்தபோது அழுத்தம் ஏறி, உள் அறைக்குப் போகும் பழைய குழாயில் ஒரு இணைப்பு விட்டுப்போனது. அது துருப்பிடித்திருந்ததாக உங்கள் நிபுணர்களே எழுதியிருக்கிறார்கள். சங்கு ஊதியிருந்தால் உள்ளே இருந்தவர்கள் வந்திருப்பார்கள். வால்வு மூடியிருந்தால் கசிந்தது ஒரு மூச்சளவோடு நின்றிருக்கும். உள் அறையின் கதவு கனமானது, குளிர் போகாமல் இருக்க எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தது குட்டையனும், பேக்கிங் பெண்கள் இரண்டு பேரும். அக்கா தங்கை. ஒரே பேருந்தில் வந்து ஒரே பேருந்தில் போவார்கள்.

முதலில் நெடி தெரிந்தது ஆபரேட்டர் அம்மாவுக்கு. அவள் வெளியே ஓடியிருக்கலாம், கன்ட்ரோல் ரூமின் வாசல் வெளிமுற்றத்தைப் பார்த்தது. அவள் உள்ளே ஓடினாள். சங்கு ஊதாதபோது போய்ச் சொல்ல வேறு ஆள் இல்லை என்று நினைத்தாளோ என்னவோ. கதவைத் திறந்துவிட்டாள். அங்கேயே விழுந்தாள். முகத்துணிகூடக் கட்டவில்லை.

கூச்சல் கேட்டது. எல்லோரும் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். நான் நனைத்த துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, அவர்களுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். திரை கருப்பாக இருந்தது. கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. எஃப்1 அழுத்தினேன். நாற்பது விநாடியில் எழுந்தது. சங்கு ஊதியது, வால்வு மூடியது, காற்றாடிகள் சுற்றின. ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. நான் பராமரித்த கணினி அது.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டுவிட்டு நேராக உள்ளே ஓடினார். குட்டையனை இழுத்துக்கொண்டு வந்தார். ஆறடி ஆள், எப்படித்தான் இழுத்தாரோ. ஆனால் அவனுக்கு முன்பே உயிர் போயிருந்தது. மாப்பிள்ளைக்கு இடது கண் இப்போது புகைமூட்டமாகத்தான் தெரிகிறதாம். நாலு பேர் போனார்கள். குட்டையன், அக்கா, தங்கை, ஆபரேட்டர் அம்மா. அவளுடைய மகளுக்கு நான் எழுதிக்கொடுத்த கணினியைத்தான் வாங்கினார்களா என்று விசாரிக்க நினைத்தேன். கேட்க ஆளில்லை.

டவுனிலிருந்து பின்னாலேயே வந்து சேர்ந்த முதலாளியின் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மட்டும் உள்ள போகலைன்னா இன்னும் எத்தனை பேரோ" என்றார். சுற்றி அறுபது எழுபது பேர் நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு விசாரணை வந்தது. இயந்திரத்தில் 1.08, பட்டியலில் 1.12, அடியில் மாப்பிள்ளையின் கையெழுத்து. உங்கள் ஆட்கள் என்னைக் கேட்டார்கள். எனக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும், லினக்ஸில் எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை, பக்கத்துக் கணினியும் ஒரே அச்சு என்பதால் முப்பத்தாறாம் வரிசை எண்ணையே முப்பத்தேழிலும் எழுதிவிட்டேன் என்றேன். எஃப்1 எப்படித் தெரியும் என்றார்கள். பதறிப்போய்க் கையில் பட்டதைத் தட்டினேன் என்றேன். போனில் மருமகன் உங்களிடம் என்ன கேட்டார் என்றார்கள். போய்ப் பார்க்கச் சொன்னார், எனக்கு அது தெரியாது என்று சொல்லிவிட்டேன் என்றேன். யாரும் துருவவில்லை. எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன், வயது ஐம்பத்தெட்டு, இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் படிப்பவன். அப்படித்தான் இருப்பான் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும். எழுதிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையிடமும் கேட்டார்கள். பட்டியலைத் தயாரித்தது மாமனார்தானே என்றதற்கு, "பாத்தது அவரா இருந்தாலும் சரிபாக்க வேண்டியது நான். கையெழுத்து என்னோடது" என்றாராம். நான் போனில் சொன்னதை அவர் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. என் மகளிடம்கூட. அதிலும் அவர் என்னைவிட ஒரு படி மேலேயே நின்றுகொண்டார். அவர் உள்ளே போய் ஏழு மாதம் ஆகிறது. ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது.

மகளும் பேரனும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். பேரனைப் பள்ளியில் விடுவது, கூட்டிக்கொண்டு வருவது எல்லாம் நான்தான். ஜெயிலில் மனு போட்டு மாப்பிள்ளையைப் பார்க்கப் போகும் நாட்களில் மகளை வண்டியில் கூட்டிப்போய் வாசலில் இறக்கிவிடுவேன். நான் உள்ளே போவதில்லை. மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும், மாமா மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா என்று கேட்டனுப்புகிறார்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். நானும் பழகிக்கொண்டிருந்தேன்.

ஏன் இன்றைக்கு வந்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் மனசாட்சி உறுத்தியது என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. போன வாரம் உங்கள் அறிக்கை வெளியானது. முந்நூறு பக்கம். வக்கீல் ஒரு பிரதி கொடுத்தார். மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். எண்பத்தொன்றாம் பக்கத்தில் என்னைப் பற்றி இரண்டு வாக்கியம் இருக்கிறது. 'ஒரு கணினியின் ஃபர்ம்வேர் பதிப்பை அடையாளம் காணும் அடிப்படை அறிவுகூட இல்லாத ஒருவரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவர் பதற்றத்தில் ஏதோ ஒரு விசையைத் தட்டியதால் தற்செயலாகவே அலாரம் மீண்டும் இயங்கியுள்ளது.'

மகள் தாளைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் தடவிக்கொடுத்தாள். "நீங்க வருத்தப்படாதீங்கப்பா. உங்களுக்கு ஒன்னும் தெரியாதுங்கறதாலதான் உங்களையாவது விட்டாங்க" என்றாள். அன்போடுதான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பேரன் தலையைத் தூக்கி, "தாத்தாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதாம்மா?" என்று கேட்டான். அவள், "பாவம்டா தாத்தா" என்றாள்.

அந்த அறிக்கை ஆவணக் காப்பகத்துக்குப் போகும் என்கிறார்கள். ஐம்பது வருஷம், நூறு வருஷம் இருக்குமாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாமாம். ஆறு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு பேர் செத்த அன்றுகூட நான் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள். அதெல்லாம் உங்கள் பாடு, நான் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். எண்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிற அந்த இரண்டு வாக்கியத்தை அடித்துவிடுங்கள். தற்செயல் இல்லை. முப்பத்தேழாம் வரிசையில் என்ன எண் இருந்தது என்று எனக்குத் தெரியும். எந்த விசை என்று தெரியும். பச்சை விளக்கு வரவில்லை என்று தெரியும். அவள் எதற்காக மூன்று தடவை கூப்பிட்டாள் என்றும் தெரியும். அந்தக் கிடங்கில் இதெல்லாம் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான். அதை அப்படியே எழுதுங்கள், போதும்.